ஏழு மணி உடம்பு

என் உடம்புக்கு வேலை கிடைத்தபோது எனக்குப் பதினெட்டு வயது. எனக்கு வேலை கிடைக்க அதற்குப் பிறகும் மூன்று வருஷம் ஆனது.

பெயர் ஆவுடைச்செல்வி. சங்கரன்கோவில் பக்கம் பிறந்தவளுக்கு வைக்கிற பெயர்தான். வகுப்பில் ஆதிராக்களுக்கும் தன்யாக்களுக்கும் நடுவே அதைக் கூப்பிடும்போதெல்லாம் அப்பாமேல் கோபம் வரும். டாக்டர் படிப்புக்கு மார்க் போதவில்லை. மினி பஸ் ஓட்டும் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டையில் ஒவ்வொரு கல்லூரியாக ஏறி இறங்கினார். கடைசியாக ஏறிய இடத்தில், அட்மிஷன் மேஜையில் இருந்தவர் ரேடியாலஜி அண்ட் இமேஜிங் டெக்னாலஜி என்று ஒரு படிப்பைச் சொன்னார்.

“இதப் படிச்சா டாக்டரா, நர்ஸா?” என்றார் அப்பா.

“ரெண்டும் இல்ல அண்ணாச்சி. ஆளுக்கு உள்ள இருக்கதப் படம் புடிக்கணும். எக்ஸ்ரே, சி.டி, எம்.ஆர்.ஐ எல்லாம்.”

“அப்ப போட்டோகிராபரு.”

“அப்பிடியே வச்சுக்கிடுங்க.”

அப்பா கொஞ்சம் யோசித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “உள்ள இருக்கதப் புடிக்கதுன்னா எவனும் வந்து மூக்கு சரியா விழலன்னு சண்டைக்கு நிக்க மாட்டான்ட்டி. சேந்துரு” என்றார்.

சேர்ந்தேன். ஃபீஸ் எப்படிக் கட்டுவது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் மாணவர்கள் ஒருவரை ஒருவர் மிஷினில் படுக்க வைத்துப் பழக வேண்டும். எம்.ஆர்.ஐயில் கதிர்வீச்சு கிடையாது, வெறும் காந்தம்தான் என்பதால் எத்தனை தடவை படுத்தாலும் கேடில்லை. முதல் வாரமே வளையல், கம்மல், ஹேர்பின் எல்லாவற்றையும் கழற்றி ஒரு தட்டில் போட்டுவிட்டு வரிசையில் நின்றோம். எங்களைப் பழக்கியது ஜெபக்கனி அக்கா. கல்லூரியோடு ஒட்டியிருந்த ஸ்கேன் மையத்தின் டெக்னீஷியன். எங்களைவிடப் பத்துப் பன்னிரண்டு வயதுதான் மூத்தவர். யாரைப் பார்த்தாலும் ஒரு கேலி இருக்கும் அவரிடம்.

அந்த வருஷம்தான் மையத்துக்குப் புது மிஷின் வந்திருந்தது. அதை நிறுவ பெங்களூரிலிருந்து கௌசிக் என்ற இன்ஜினியர் வந்திருந்தார். சிவப்பாக, மெலிந்து, எதற்கும் மன்னிப்புக் கேட்கிற குரலில் பேசுவார்.

“பழைய எம்.ஆர்.ஐ-ல ஒருத்தர் முக்கால் மணி நேரம் ஆடாம படுக்கணும். இதுல நாலு நிமிஷம்” என்றார்.

“எப்பிடி சார்?” என்றார் ஜெபக்கனி அக்கா.

“இது பத்துல ஒரு பங்குதான் அளக்கும். மிச்சத்த அதுவே போட்டுக்கும். கோலத்துக்குக் கொஞ்சம் புள்ளி வச்சா, தெரிஞ்சவங்க மிச்சத்தப் போட்டு முடிச்சிடுவாங்க இல்லையா, அது மாதிரி.”

“நாங்க வேதக்காரங்க சார். எங்க வீட்டுல கோலமே கெடையாது.”

கௌசிக் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். “முடிக்கணும்னா முழுசு எப்படி இருக்கும்னு அதுக்குத் தெரியணும். அதனால தினமும் காலைல உயிரோட இருக்கிற ஒரு உடம்ப முழுசா, நிதானமா அளந்துக்கும். தண்ணி ஊத்தின பிளாஸ்டிக் உருண்டைய வச்சுப் பாத்தோம். அதுக்கு மூச்சு இல்ல, ரத்தம் ஓடல. மெஷின் குழம்பிடுது.”

“அப்ப தெனமும் ஒரு ஆளு படுக்கணும்.”

“ஒரே ஆளு. நல்ல ஆரோக்கியமான ஆளு. அந்தப் படம் இங்கேருந்து ஊர் ஊராப் போற எல்லா ஸ்கேன் வேனுக்கும் போகும். அதுக்கப்புறம்தான் வேன் மெஷினெல்லாம் கண்ணு முழிக்கும்.”

தென்காசி, வள்ளியூர், சாத்தான்குளம், கோவில்பட்டி என்று ஸ்கேன் வேன்கள் கிளம்பத் தயாராக நின்றன. வகுப்பில் எல்லோரும் படுத்து எழுந்த பிறகு கௌசிக் திரையைப் பார்த்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டார். “தப்பா எடுத்துக்காதீங்க. உங்க உடம்புல சொல்லிக்கிற மாதிரி எதுவுமே இல்லைங்க. அவ்வளவு சாதாரணமா இருக்கு.”

ஜெபக்கனி அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். “ஏட்டி, இதவிடப் பெரிய சர்டிபிகேட் ஒனக்குக் கெடைக்காது. ஒனக்குள்ள ஒண்ணுமே இல்லையாம்!”

கல்லூரி கரஸ்பாண்டென்ட் அன்றைக்கே அப்பாவைக் கூப்பிட்டுப் பேசினார். படிப்பு முடியும்வரை தினமும் காலை ஏழு மணிக்கு நான் வெறும் வயிற்றோடு வந்து படுக்க வேண்டும், ஃபீஸ் கிடையாது. அப்பா பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். மையத்தில் அன்றிலிருந்து என்னை யாரும் ஆவுடை என்று கூப்பிடவில்லை. ‘ஏழு மணி’ என்றுதான் கூப்பிட்டார்கள்.

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. வெளியே சொல்லிக்கொள்ள மார்க்கோ நிறமோ இல்லாத எனக்கு, உள்ளே பார்த்து ஒருவர் தேர்ந்தெடுத்திருக்கிறாரே. குழலுக்குள் படுத்தால் தட்தட்டென்று காந்தம் அடிக்கிற சத்தம். அந்தச் சத்தத்திலேயே தூங்கப் பழகினேன். வகுப்பில் உடற்கூறு படித்ததும் என் படங்களை வைத்துத்தான். இது ஈரல், இது கணையம், இது மண்ணீரல். மண்ணீரலுக்குக் கீழே பாசிமணி போல ஒரு குட்டி மண்ணீரல் எனக்கு உண்டு. பத்துப் பேரில் ஒருவருக்கு அப்படி இருக்குமாம், கோளாறில்லை. மற்ற பெண்கள் தங்கள் செல்ஃபியை எவ்வளவு அறிவார்களோ அவ்வளவு எனக்கு என் வயிறு தெரியும்.

முதலில் நடந்தது சிரிப்பான சமாச்சாரம்.

ஒருநாள் தோழி ஒருத்தியின் பிறந்தநாள் என்று விடுதியில் காலையிலேயே பரோட்டாவும் சால்னாவும் வாங்கி வந்துவிட்டார்கள். வாசனை தாங்காமல் இரண்டு பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு போய் ஏழு மணிக்குப் படுத்துவிட்டேன். அன்று முழுக்க ஜெபக்கனி அக்கா நோயாளிகளோடு மல்லுக்கு நின்றார்.

“பாட்டி, வெறும் வயித்துல வரணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்லா. வயிறு நெறய என்னத்தத் தின்னுட்டு வந்திருக்கிய?”

“நேத்து ராத்திரியிலேருந்து பச்சத் தண்ணி குடிக்கலம்மா” என்று பாட்டி அழுதார்.

அடுத்து வந்த போலீஸ்காரருக்கும் வயிறு நிறைந்திருந்தது. அதற்கடுத்து வந்த கைக்குழந்தைக்கும். குழந்தைக்கு அப்போதுதான் ஆறு மாதம். தாய்ப்பால் தவிர எதுவும் பழக்கமில்லை. அதன் சின்ன வயிற்றுக்குள் கெட்டியாக ஏதோ கிடந்ததை அக்கா வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஏட்டி, காலைல என்ன தின்ன?”

சொன்னேன். அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் சிரிப்பு அடங்கின பிறகு இரண்டு பேருக்குமே அந்த அறையில் உட்கார என்னவோ போலிருந்தது. நான் மென்று விழுங்கியதை ஒரு பச்சைக் குழந்தையின் வயிற்றில் பார்த்திருக்கிறேன். கௌசிக்குக்குப் போன் போட்டதும், “வயிறு மாறிக்கிட்டே இருக்கிற உறுப்பு, அதனால அப்படி. மத்ததெல்லாம் மெஷின் சரியா அளந்துடும்” என்றார்.

கடைசி வருஷம் எனக்கு மிஷின் இயக்கும் பயிற்சி. காலையில் படுப்பேன், எழுந்து முகம் கழுவி இட்லி தின்றுவிட்டு, மிஷினை இயக்கும் திரைக்கு முன்னால், கன்சோலில் உட்காருவேன். அப்போதுதான் அந்தப் பாசிமணி கண்ணில் படத் தொடங்கியது. பத்துப் பேரில் ஒருவருக்கு இருக்க வேண்டியது, வருகிற எல்லோருக்கும் இருந்தது. எண்பது வயதுக் கிழவருக்கு என் மண்ணீரல். கர்ப்பிணிக்கு என் மண்ணீரல். பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருக்கிற ஆளைப் பார்த்தால், இவரையும் நம் மிஷினில் எடுத்திருப்பார்களோ, இவருக்குள்ளும் நான் இருக்கிறேனோ என்று தோன்றும். பயமாக இருந்தது. யாரிடமாவது சொன்னால் பைத்தியம் என்பார்கள், அல்லது சீட் போய்விடும். இரண்டுமே வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அந்த நாட்களில்தான் சொரிமுத்து வந்தார்.

அம்பாசமுத்திரம் பக்கம் செங்கல் லோடு அடிக்கிறவர். நாற்பது வயதிருக்கும். நாலைந்து நாளாக வயிற்றுவலி என்று மனைவி பேச்சித்தாய் இழுத்துக்கொண்டு வந்திருந்தார். நான்தான் படுக்க வைத்தேன், நான்தான் எடுத்தேன். ரிப்போர்ட்டை மையத்தின் டாக்டர் செய்யது மீரான் எழுதினார். வலிக்குக் காரணம் சாதாரண வாய்வு. ஈரல், கணையம், மண்ணீரல் எல்லாம் நன்றாக இருக்கின்றன என்று முடித்திருந்தார்.

மறுநாள் இருவரும் திரும்பி வந்தார்கள், கையில் பூமாலையும் ஒரு சீப்புப் பழமுமாக.

“எம்மா, இந்தப் படம் எம்படம்தானா?” என்றார் சொரிமுத்து.

“ஒங்க படம்தான் அண்ணாச்சி. பேரு போட்டிருக்குல்லா.”

அவர் சட்டையைத் தூக்கினார். விலாவுக்குக் கீழே நீளமாக ஒரு தையல் தழும்பு. “லாரி கவுந்ததுல எனக்கு மண்ணீரல எடுத்துட்டாவ. ஆறு வருசம் ஆச்சு. இதுல நல்லாருக்குன்னு போட்டிருக்கு. எடுத்த சாமான் எப்பிடிம்மா உள்ள வந்துச்சு?”

திரையில் படத்தைத் திறந்தேன். மண்ணீரல் அழகாக இருந்தது, கீழே பாசிமணியோடு.

“எங்க பூதத்தார் சாமிக்கு நேர்ந்திருந்தேன்” என்றார் பேச்சித்தாய். குரல் நடுங்கியது. “போன கோயில் கொடையில பொங்கலு வச்சு, என் மஞ்சளக் காப்பாத்துன்னு கேட்டேன். திருப்பிக் குடுத்துட்டாரு.”

டாக்டரைக் கூப்பிட்டு வர ஓடினேன். அவர் ஒரு வார லீவில் போயிருந்தார். திரும்பி வருவதற்குள் இருவரும் போய்விட்டிருந்தார்கள். பழச்சீப்பு கன்சோல் மேஜைமேல் இருந்தது.

ஜெபக்கனி அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் அன்று கேலி பேசவில்லை. அந்த வாரம் முழுக்கச் சொரிமுத்துவின் போனுக்கு விடாமல் அடித்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. டாக்டர் மீரான் வந்ததும் விஷயத்தைச் சொன்னோம். அவர் முகம் மாறிவிட்டது.

“மண்ணீரல் இல்லாதவங்களுக்குக் காய்ச்சல் வந்தா தாங்காது. தெனம் மாத்திரை போட்டுக்கிட்டே இருக்கணும். அவரு நிறுத்திருக்கக் கூடாது, அல்லாவே.”

நிறுத்தியிருந்தார். சாமி கொடுத்ததைச் சந்தேகப்படுவது போலாகும் என்று மாத்திரையை ஆற்றில் போட்டிருந்தார். ஊரே கூடிப் படையல் போட்டு, கிடா வெட்டி, அவருக்கு மாலை போட்டு ஊர்வலமாகக் கூட்டிவந்திருந்தார்கள். நாங்கள் காரில் போய்ச் சேர்ந்தபோது பந்தல் பிரிக்காமல் இருந்தது, ஆனால் அது கொடைக்குப் போட்ட பந்தல் இல்லை. காய்ச்சல் வந்து இரண்டாம் நாளே முடிந்துவிட்டிருந்தது.

பேச்சித்தாய் என்னை அடையாளம் கண்டுகொண்டார். அழுது ஓய்ந்த முகம். பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

“அந்தப் படத்துல இருந்தது யாருதும்மா?”

டாக்டரும் அக்காவும் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “என்னோடதுக்கா” என்று வந்துவிட்டது. மிஷினைப் பற்றி எனக்குத் தெரிந்தபடி சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். திட்டுவார், அடிப்பார் என்று காத்திருந்தேன். அவர் கையை நீட்டி என் இடது விலாவுக்குக் கீழே வைத்தார். வைத்தபடி கொஞ்ச நேரம் இருந்தார்.

“இங்ஙனதான?” என்றார்.

“ஆமாக்கா.”

கையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

மறுநாள் காலை நான் படுக்கவில்லை. தட்டில் கழற்றி வைத்த கம்மலைத் திரும்ப எடுத்து மாட்டிக்கொண்டேன். கரஸ்பாண்டென்ட் வந்து கத்தினார், ஒப்பந்தத்தை நினைவுபடுத்தினார். மிஷினையே நிறுத்துங்கள் என்று நான் கத்தினேன். டாக்டர் மீரான்தான் நடுவில் புகுந்தார்.

“நிறுத்துனா என்னாகும்னு யோசிம்மா. இந்த வேன் வர்றதுக்கு முன்னாடி சாத்தான்குளத்துல இருக்கிறவன் ஸ்கேனுக்கு மூணு மாசம் காத்துக் கெடந்தான். காத்துக் கெடந்தே செத்தவங்கள எனக்குத் தெரியும். இந்த வருஷம் எத்தன பேருக்கு ஆரம்பத்துலயே கட்டியக் கண்டுபிடிச்சு அனுப்பிருக்கோம், அதையும் பாரு.”

அதுவும் உண்மைதான்.

கௌசிக் பெங்களூரிலிருந்து ஓடி வந்து, இரண்டு நாள் தூங்காமல் மென்பொருளை மாற்றினார். “இனிமே யாரோட உறுப்பும் அப்படியே போகாது. உறுதியா சொல்றேன். காலைல ஆள் படுக்கணும், ஆனா அது மெஷின் சுருதி சேத்துக்கிறதுக்கு மட்டும்தான். எந்த ஆரோக்கியமான ஆளா இருந்தாலும் சரி” என்றார்.

“நான் படுக்க மாட்டேன்” என்றேன்.

“அப்ப வெளிய போ” என்றார் கரஸ்பாண்டென்ட்.

“அவ எதுக்குப் போவணும்?” என்றார் ஜெபக்கனி அக்கா, டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு. “ஒங்களுக்கு ஒரு ஆளு வேணும், அம்புட்டுத்தான? நான் படுக்கேன். புள்ள கன்சோல்ல இருந்து பரிட்சைய முடிக்கட்டும்.”

அப்படித்தான் அக்கா ஏழு மணி ஆனார். முதல் நாள் படத்தை டாக்டர் மீரான் அங்குலம் அங்குலமாகப் பார்த்து, ஒன்றுமில்லை, சுத்தமாக இருக்கிறது என்றார். “எனக்குள்ளயும் ஒண்ணுமில்லையாம்ட்டி, நாம ரெண்டு பேரும் காலி டப்பா” என்று அக்கா சிரித்தார். அதன்பிறகு காலைப் படத்தை யாரும் திறந்து பார்ப்பதில்லை. அது எடுத்ததும் நேராக வேன்களுக்குப் போய்விடும். பார்க்க யாருக்கும் நேரமுமில்லை, வெளியே கூட்டம் காத்துக்கொண்டிருக்கும்.

நான் தேர்வானேன். அதே மையத்தில் வேலையும் கிடைத்தது. அப்பா மினி பஸ்ஸில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார். என் பாசிமணி எந்தப் படத்திலும் இல்லை. ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு விதமான மண்ணீரல் தெரிந்தது. கௌசிக் சொன்னதைச் செய்துவிட்டார் என்று நிம்மதியாக மூச்சு விட்டேன்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில், ஒரு வாத்தியாரின் கணையத்தில் கடுகளவு ஒரு புள்ளியைப் பார்த்தேன். அடுத்து வந்த பெண்ணுக்கும் அதே இடத்தில் இருந்தது. அதற்கடுத்த பையனுக்கும் இருந்தது.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் மூன்று படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“ஏட்டி, இது மிஷின் அழுக்கு” என்றார். “ஒரு ஆளுக்கு இருந்தா நோவு. வாரவன் போறவன் அத்தன பேருக்கும் ஒரே எடத்துல இருந்தா அது மிஷின் கோளாறு. வயித்து மேல மாட்டுத காயில்ல ஏதாவது ஒட்டிருக்கும். கம்பெனிக்கு எழுதிப் போட்டுருவோம்.”

தொழிலில் எல்லோரும் சொல்கிற விதிதான் அது, தப்பென்று சொல்ல முடியாது. நோய் ஆளுக்கு ஆள் வேறுபடும், அழுக்கு வேறுபடாது. கம்பெனிக்கு எழுதினோம். அங்கிருந்து பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது. கௌசிக் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். டாக்டர்கள் ஒவ்வொரு தடவையும் பதறி வந்து கேட்பதைப் பார்த்துவிட்டு, அக்காவே ஒரு வெள்ளைத் தாளில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டினார்: கணையத்தில் தெரியும் புள்ளி மிஷின் அழுக்கு. ரிப்போர்ட்டில் எழுத வேண்டாம்.

எனக்கு மட்டும் அந்தப் புள்ளி பிடிக்கவில்லை. அழுக்கு என்றால் இருந்தபடி இருக்க வேண்டும். இது பொங்கலுக்கெல்லாம் மிளகளவு ஆகியிருந்தது. ஓரம் கொஞ்சம் சொரசொரத்திருந்தது. தென்காசி வேனில் எடுத்த படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன், அதிலும் மிளகுதான். கோவில்பட்டியிலும் அப்படித்தான். மூன்று ஜில்லாவிலும், எங்கள் மிஷினில் படுத்தவர்கள் அத்தனை பேர் வயிற்றிலும், ஒரே நாளில் அது ஒரே அளவில் வளர்ந்துகொண்டிருந்தது. தினமும் அளந்து பார்ப்பேன். ஏன் அளக்கிறேன் என்று எனக்கே தெரியாது. இதற்குள் நிஜமாகவே ஒருவருக்குக் கணையத்தில் கட்டி இருந்தால் சுவரிலுள்ள தாளைப் பார்த்து அதையும் தள்ளிவிடுவோமே என்று ஒரு தடவை அக்காவிடம் கேட்டேன்.

“ஒனக்குச் சொரிமுத்து அண்ணாச்சி செத்ததுலேருந்து எதப் பாத்தாலும் பேயாத் தெரியுது” என்றார். அதட்டலாகச் சொல்லவில்லை. “எனக்கும் தூக்கம் இல்லதான். ஆனா வேலையப் பாக்கணும்லா.”

ஈஸ்டர் முடிந்ததும் அக்காவின் தங்கைக்கு நாசரேத்தில் கல்யாணம். எனக்குப் பட்டுச்சேலையைக் காட்டினார். பிளவுஸ் எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டதென்று பிடித்துத் தைக்கக் கொடுத்திருந்தார். “பாத்தியா, கல்யாணப் பொண்ணவிட நான்தான் எளச்சு அழகா இருக்கேன்” என்று ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். நான்கு நாள் லீவு. அத்தனை காலத்தில் அவர் எடுத்த முதல் லீவு அது.

அவர் போன மறுநாள் காலை, ஏழு மணிக்கு முதல் வருஷ மாணவி நிலோஃபரைப் படுக்க வைத்தேன். கபடி விளையாடுகிற பெண். குழலுக்குள் போனதும் சிரித்துக்கொண்டே இருந்தாள், அசையாதே என்று மைக்கில் அதட்ட வேண்டியிருந்தது. அவள் எழுந்து போனபின் முதல் நோயாளியைக் கூப்பிட்டேன். வள்ளியூர் பக்கத்துப் பனைத் தொழிலாளி ஒருவர்.

அவர் கணையம் சுத்தமாக இருந்தது.

சந்தோஷத்தில் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டேன். கம்பெனிக்காரர்கள் தூரத்திலிருந்தே சரிசெய்துவிட்டார்கள் போல என்றுதான் நினைத்தேன். இரண்டாவது ஆளுக்கும் இல்லை. மூன்றாவது ஆளுக்கும் இல்லை. தென்காசி வேனுக்குப் போன் போட்டேன்.

“அந்தப் புள்ளியா? காலைலேருந்து காங்கலையே. எல்லாம் பளிச்சுன்னு இருக்கு” என்றான் அங்கிருந்த டெக்னீஷியன்.

கோவில்பட்டியிலும் இல்லை. சாத்தான்குளத்திலும் இல்லை. ஒரே காலையில் மூன்று ஜில்லாவுக்கும் குணமாகிவிட்டது. சுவரில் இருந்த தாளைக் கிழித்துப் போடக் கை நீட்டினேன். அதிலிருந்த அக்காவின் கையெழுத்தைப் பார்த்ததும் கை அப்படியே நின்றுவிட்டது.

கௌசிக் அரைகுறையாகத்தான் மாற்றியிருக்கிறார். பெரிய உறுப்புகளை மாற்றாமல் விடுகிற மிஷின், சின்னஞ்சிறியதை முன்போலவே எல்லோருக்கும் பகிர்ந்து கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

கம்ப்யூட்டரில் அக்காவின் முந்தின நாள் காலைப் படத்தைத் தேடித் திறந்தேன். டாக்டர் பார்த்த அந்த முதல் நாளுக்கப்புறம் அக்காவின் படத்தைத் திறந்த ஆள் நான்தான். திறந்து பார்க்க வேண்டிய அவசியம்கூட இல்லை, தெரிந்துவிட்டது. இருந்தாலும் திறந்தேன், அளந்தேன். வெளியே அடுத்த நோயாளி கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். டாக்டர் மீரானின் அறைக்கு ஓடிப் போய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் திரைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்திருந்தார்.

“இந்த அளவுன்னா வெட்டி எடுத்துடலாம். உடனே வந்தா. பெரியாஸ்பத்திரி பழைய மிஷின்ல ஒரு தடவ எடுத்து உறுதி பண்ணிக்கிடுவோம்” என்றார். “நீ பேசுதியா, நான் பேசவா?”

“நான் பேசுதேன் சார்.”

வராந்தாவுக்கு வந்து போன் போட்டேன். எடுத்ததும் பேண்டு வாத்தியம் காதைப் பிளந்தது. யாரோ பந்தி பரிமாறச் சொல்லிக் கத்தினார்கள்.

“ஏட்டி, ஆவுடை! இப்பத்தான் கோயில்ல மோதிரம் மாத்தி வெளிய வாராவ. ஒன்னயும் கூட்டிட்டு வந்திருக்கணும், அவ்வளவு கூட்டம். என்ன, மிஷின் மக்கர் பண்ணுதா?”

“இல்லக்கா. நல்லா ஓடுது.”

“பெறகு?”

“அந்தப் புள்ளி போயிட்டுக்கா. காலைலேருந்து யாருக்குமே இல்ல. வேன்லயும் இல்ல.”

“பாத்தியா! நான் சொன்னேன்லா, அழுக்குன்னு. சவம், ஒருவழியா கம்பெனிக்காரன் தொடச்சுட்டானா?”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு வராந்தா ஓரத்துக்கு நடந்தேன். அந்தப் பக்கத்தில் பேண்டு தொடர்ந்து அடித்துக்கொண்டிருந்தது. அக்கா யாரிடமோ, கொஞ்சம் இரு, வாரேன் என்றார். சத்தம் மெல்ல மெல்லக் குறைந்தது. அவர் கூட்டத்தைவிட்டு விலகி நடக்கிறார் என்று தெரிந்தது. மூச்சு மட்டும் கேட்டது.

“ஏட்டி” என்றார். இப்போது குரல் தாழ்ந்திருந்தது. “இன்னைக்குக் காலைல யாரு படுத்தா?”

“நிலோஃபரு.”

அவர் பத்து வருஷத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருக்கிறவர். நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நோயாளி ஒருவரின் படத்தைப் பற்றி விசாரிக்கும்போது பேசுகிற அதே குரலில், அக்கா கேட்டார்.

“எத்தன சென்டிமீட்டரு?”